நாற்பத்தாறு மஞ்சள் ஹெல்மெட்

எங்கள் கம்பெனியில் வெள்ளை ஹெல்மெட்டுக்குப் பெயர் உண்டு. மஞ்சள் ஹெல்மெட்டுக்கு எண்ணிக்கை மட்டும்தான்.

நான் அங்கே டைம்கீப்பர். பெயர் அன்பரசன், ஊர் பேராவூரணிப் பக்கம். வளைகுடாவில், ஜெபல் அலித் துறைமுகப் பக்கம் இறைச்சியும் மீனும் ஐஸ்கிரீமும் அடுக்கி வைக்கும் ஒரு குளிர்பதனக் கிடங்கு அது. கேட்டை ஒட்டி ஒரு தகரக் கேபின். அதற்குள் நானும், குளிரைவிடச் சத்தத்தை அதிகமாகத் தரும் ஒரு ஏசியும். கேபினின் வெளிச்சுவரில் ஒரு பலகை. அதில் பதினோரு பேருடைய பிளாஸ்டிக் அட்டைகள், பெயரும் சிரித்த முகப் போட்டோவுமாகத் தொங்கும். கிடங்குக்குள் போனால் அட்டையைப் பச்சைக் கொக்கியில் மாட்ட வேண்டும், வெளியே போனால் சிவப்பில். எட்டு பேர் வெள்ளைக்காரர்கள், ஒருவர் லெபனான்காரர், இரண்டு பேர் ஆபீசில் உட்காரும் நம்மவர்கள். எல்லோருக்கும் வெள்ளை ஹெல்மெட்.

மூட்டை தூக்குகிறவர்களுக்கும் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவர்களுக்கும் மஞ்சள் ஹெல்மெட். அவர்களுக்கு அட்டை கிடையாது. காலையில் நாங்கள் தங்கும் கேம்ப்பிலிருந்து வரும் பஸ்ஸில் எத்தனை தலை இறங்கியதோ அந்த எண்ணைப் பலகையின் அடியில் மார்க்கரால் எழுதுவேன். அதை எழுதுவது நான்தான். பதினாலு மாதம் எழுதினேன், ஒரு நாளும் கை கூசவில்லை. எனக்கு நீல ஹெல்மெட். நீலம் அட்டையிலும் இல்லை, எண்ணிக்கையிலும் இல்லை. கிடங்கு இடிந்து விழுந்தால் என்னைத் தேட ஒருவருக்கும் அவசியமில்லை.

அந்தக் குளிருக்காகக் குழாய்களில் ஓடுவது அம்மோனியா. கசிந்தால் ஒரு மூச்சு போதும், தொண்டை வெந்துவிடும். அதனால் 2007 மே மாதம் ஒரு ஒத்திகை வைத்தார்கள். சைரன் அடித்ததும் எல்லோரும் ஓடி வந்து கேட்டுக்கு எதிரே கட்டம் போட்ட இடத்தில் நிற்க வேண்டும். மேனேஜர் கிரகாம், இங்கிலாந்துக்காரர், பலகையைப் பார்த்தார். ஸ்டீவன் என்ற என்ஜினீயரின் அட்டை பச்சைக் கொக்கியில் இருந்தது, ஆளைக் காணோம். அவ்வளவுதான், எல்லாம் நின்றது. முகமூடி போட்டு உள்ளே போகப் பயிற்சி எடுத்த இரண்டு பிலிப்பினோ டெக்னீஷியன்கள் மூன்று தடவை உள்ளே போய் வந்தார்கள். கடைசியில் ஸ்டீவன் மாடிக் கக்கூஸில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தோம். அவரும் காது சிவக்கச் சிரித்தார். கிரகாம் மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு பெயர் விடுபட்டாலும் கதவை மூடக் கூடாது" என்று எங்களுக்குப் பாடம் எடுத்தார்.

அதே ஒத்திகையில் மஞ்சள் ஹெல்மெட்டுகளைப் பேனாவால் குத்திக் குத்தி எண்ணினார். பலகையில் நாற்பத்திரண்டு, வந்தது நாற்பத்தொன்று. மறுபடி எண்ணச் சொன்னார். ஃபோர்மேன் பொன்னுச்சாமி, வெயிலில் அரை மணி நேரம் நின்ற எரிச்சலில், எண்ணாமலே "ஃபார்ட்டி டூ சார், ஓகே சார்" என்று கத்தினார். கிரகாம் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். விடுபட்டவன் யார் என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் தேடவில்லை. அதற்கும் சேர்த்துச் சிரித்தோம்.

இனி என் பாவத்தைச் சொல்கிறேன்.

குடிதண்ணீர் கேன் கொண்டுவரும் வேன் டிரைவர் கலீலுர் ரஹ்மான் அதிராம்பட்டினத்துக்காரர். வெளியாள் உள்ளே வந்தால் ரெஜிஸ்டரில் எழுதி, அவருடைய அடையாள அட்டையை வாங்கி வைத்து, சிவப்பு ஹெல்மெட் கொடுத்து, ஆபீசில் கையெழுத்து வாங்க வேண்டும். அரை மணி நேர வேலை. பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரே கடையில் டீ குடித்தவர்களுக்குள் ரெஜிஸ்டர் என்ன வேண்டிக் கிடக்கிறது? கேபின் கதவுக்குப் பின்னால் அவருக்கென்று ஒரு மஞ்சள் ஹெல்மெட் மாட்டி வைத்திருந்தேன். "தம்பி, ரெண்டு நிமிசத்துல எறக்கிட்டு ஓடியாந்துர்றேன்" என்பார். அதை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உள்ளே போவார். ஊர்ப்பாசம் என்று அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பதினொன்று அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது சோலைமுத்து வந்து நின்றான். கேம்ப்பில் என் ரூம்காரன், எனக்கு மேல்கட்டில். இளையான்குடிப் பக்கத்துப் பையன், இருபத்தாறு வயது. நாலாம் நம்பர் அறைக்குப் போகிறவர்களுக்கு ஜாக்கெட் எடுத்துக் கொடுப்பதும் என் வேலை.

"அண்ணே, இதுல ஜிப்பு நிக்க மாட்டேங்குது. வேற குடுங்க."

"இருக்கறதப் போட்டுட்டுப் போடா. நீ என்ன கல்யாணத்துக்கா போற?"

"கல்யாணத்துக்குப் போனா இந்தக் கருமத்த எதுக்குப் போடுறேன்?" என்று சிரித்தபடி ஜாக்கெட்டின் தலைமூடியைக் காது மறைய இழுத்துக் கட்டிக்கொண்டு போனான். வெளியே நாற்பத்தைந்து டிகிரி. அவன் போகிற அறையில் மைனஸ் இருபத்திரண்டு. அந்த அறைக்குள் இருந்த சைரன் பனி படிந்து இரண்டு மாதமாக ஊமை. எழுதிக் கொடுத்திருந்தோம். எழுதிக் கொடுத்தால் எல்லாம் நடந்துவிடுமா?

பதினொன்று ஐந்துக்கு சைரன் அடித்தது. ஒத்திகை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்த நெடி வந்தது. கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. வாசல் வழியாக ஆட்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஓடி வந்தார்கள். நல்லவேளை, காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. எல்லோரும் கட்டத்துக்குள் வரிசையாக நின்றார்கள். இருமல் சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

கிரகாம் பலகையைப் பார்த்தார். பச்சைக் கொக்கியில் இருந்த ஆறு பேரும் கண் முன்னால் நின்றார்கள். ஸ்டீவனின் அட்டை சிவப்பில் இருந்தது. அவர் ஒரு கண்டெய்னரைப் பார்க்கப் பின்வாசல் வழியாகத் துறைமுகத்துக்குப் போயிருந்தார். பிறகு பேனாவை எடுத்து மஞ்சள் ஹெல்மெட்டுகளை எண்ணினார். பலகையில் நாற்பத்தாறு. எண்ணியதும் நாற்பத்தாறு.

"நல்லது. கதவுகளை மூடுங்கள். ஷார்ஜாவிலிருந்து சர்வீஸ் ஆட்கள் வரும் வரை ஒருவரும் உள்ளே போகக் கூடாது" என்றார். ஷார்ஜாவிலிருந்து வர ஒன்றரை மணி நேரம் ஆகும்.

எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஜிப் நிற்காத ஜாக்கெட்டை வைத்துக் கேலி செய்யலாம் என்று சோலைமுத்துவைத் தேடினேன். முதல் வரிசையில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவது வரிசையின் கடைசியில் கலீலுர் ரஹ்மான் நின்றார். தலையில் நான் கொடுத்த மஞ்சள் ஹெல்மெட். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி, தப்பித்தோம் என்பதுபோலச் சிரித்தார்.

நாற்பத்தாறில் ஒன்று அவர். அப்படியானால் ஒருவன் உள்ளே இருக்கிறான்.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. வெளியாளை ரெஜிஸ்டர் இல்லாமல் விட்டவன் யார் என்று முதல் கேள்வி வரும். விசாவைக் கேன்சல் அடித்து, திரும்பி வர முடியாதபடி தடை போட்டு, ஊருக்கு அனுப்புவார்கள். அதோடு விட்டால் புண்ணியம். போலீஸ் வந்தால்? என் பாஸ்போர்ட் அவர்கள் பெட்டியில் இருந்தது. அந்த நேரத்திலும் என் கழுத்தைத்தான் நான் முதலில் தடவிப் பார்த்தேன். அதை மறைத்து இந்தக் கதையைச் சொன்னால் நான் மனுஷனே இல்லை.

கிட்டே போய், பாதி உண்மையைச் சொன்னேன். "சார், சோலைமுத்துவைக் காணோம்."

கிரகாம் போனைக் காதிலிருந்து எடுக்காமலே விரலால் பலகையைக் காட்டினார். "நாற்பத்தாறு. சரியாக இருக்கிறது."

பொன்னுச்சாமி என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். "டேய் அன்பு, கணக்கு சரியா இருக்குல்ல. எதுக்கு வாயக் குடுத்து மாட்டிக்கிற?"

"சோலைமுத்து எங்கண்ணே?"

அவர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். முகம் வெளிறியது. "இங்கதான் எங்கயாச்சும் நிப்பான்" என்றார், அவருக்கே நம்பிக்கை இல்லாத குரலில்.

நாலாம் நம்பர் அறையின் பெரிய கதவை இரண்டு பேர் தள்ளி மூடுவது தெரிந்தது. உள்ளே அவன் காதை மூடிக்கொண்டு பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பான். அல்லது நெடி ஏறி, கதவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் தவழ்ந்துகொண்டிருப்பான். ஜிப் வேறு நிற்காது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? மறுபடி கிரகாமிடம் போனேன். இந்தத் தடவை முழுதாகச் சொன்னேன். "சார், வரிசையில் தண்ணீர் வேன் டிரைவர் நிற்கிறார். ரெஜிஸ்டர் எழுதாமல் நான்தான் விட்டேன். தப்பு என்னுடையது. நம் ஆட்கள் நாற்பத்தைந்து பேர்தான் வெளியே இருக்கிறார்கள். சோலைமுத்து நாலாம் நம்பரில் இருக்கிறான்."

சொல்லி முடித்தேன். ஒன்று நிச்சயம் என்று நினைத்தேன். என் வேலை போகும், கதவு திறக்கும்.

கிரகாம் என்னை ஒரு நொடி பார்த்தார். கோபம்கூட இல்லை. "சைரன் கேட்டு ரோட்டுக்கு ஓடியிருப்பான். இவர்கள் எப்போதும் அப்படித்தான். பஸ்ஸில் பார். இருக்கலாம் என்பதற்காக இரண்டு பேரை அம்மோனியாவுக்குள் அனுப்ப மாட்டேன். டிரைவர் விஷயத்தைப் பிறகு பேசிக்கொள்கிறேன்." அவ்வளவுதான். திரும்பி மறுபடி போனில் பேசினார்.

உள்ளதைச் சொல்லி, கழுத்தையும் நீட்டிவிட்டேன். கதவு மூடியபடியே இருந்தது. மே மாதம் கக்கூஸில் பேப்பர் படித்தவருக்காக மூன்று தடவை உள்ளே போனார்களே, அதுவும் இருக்கலாம் என்பதற்காகத்தானே?

எப்படி அந்த எண்ணம் வந்தது என்று எனக்குத் தெரியாது. கேபின் சுவரோரம் நடந்தேன். பலகையில் ஸ்டீவனின் அட்டை சிவப்புக் கொக்கியில் சிரித்துக்கொண்டிருந்தது. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. நீல ஹெல்மெட்டை யார் பார்ப்பார்கள்? அட்டையை எடுத்தேன். அவசரத்தில் ஒரு தடவை கீழே விழுந்தது. பொறுக்கிப் பச்சைக் கொக்கியில் மாட்டினேன். பிறகு, என் தொண்டையில் அப்படி ஒரு குரல் இருந்தது என்று எனக்கே தெரியாத குரலில் கத்தினேன்.

"சார்! ஸ்டீவன் சார் உள்ளே! நாலாம் நம்பர்! ஸ்டீவன் சார்!"

கிரகாமின் கையிலிருந்த போன் தரையில் விழுந்தது. பலகையைப் பார்த்தார். பச்சை. முதலில் தானே பார்க்காமல் விட்டுவிட்டதாக நினைத்திருப்பார். அவர் வாயிலிருந்து வந்த வார்த்தையை எழுத மாட்டேன். பிலிப்பினோ டெக்னீஷியன்கள் இருவரும் முதுகில் சிலிண்டரை மாட்டி முகமூடியை இறுக்கினார்கள். கிரகாமே ஓடிப்போய் அந்தக் கதவைத் தோளால் தள்ளினார். இருமல் வந்து பின்வாங்கினார், மறுபடி தள்ளினார். இருக்கலாம், ஒருவேளை என்ற பேச்சே இல்லை.

டெக்னீஷியன்கள் உள்ளே போனார்கள். நான் எண்ண ஆரம்பித்தேன். எண்ணுவதுதானே என் தொழில். இருநூறு வரை எண்ணினேன், ஒருவரும் வரவில்லை. ஒருவேளை சோலைமுத்து நிஜமாகவே ரோட்டுக்கு ஓடியிருந்தால்? பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால்? அந்த இரண்டு பேரில் ஒருவன் உள்ளே விழுந்து செத்தால் கொன்றவன் நான்தானே? முந்நூறு. பொன்னுச்சாமி என் முகத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. காலையில் ஸ்டீவனின் கார் போனதை அவரும் பார்த்திருந்தார். காட்டிக்கொடுக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நானூறைத் தாண்டியதும் வெளியே வந்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு உடம்பு, தரையில் கால் இழுபட. கனத்த ஜாக்கெட், முகம் மூடிய தலைமூடி, கையுறை. உள்ளே இருப்பது யார் என்று தெரியாது. கிரகாம் ஓடினார். "ஸ்டீவ்! ஸ்டீவ்!" என்று கதறிக்கொண்டே முழங்காலில் விழுந்து, அந்தத் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துத் தலைமூடியைக் கிழிக்காத குறையாக இழுத்தார்.

சோலைமுத்துவின் கறுத்த முகம். உதட்டில் நுரை, இமையில் பனி.

கிரகாமின் கைகள் அந்தரத்தில் நின்றன. பிறகு மெதுவாகத் தலையைத் தரையில் வைத்தார். எழுந்து பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் துக்கம் இல்லை, நிம்மதி இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் பயம்கூட ஒரு நிமிடம் போய்விட்டது. டெக்னீஷியன் ஆக்சிஜனை வைத்தான். சோலைமுத்துவின் நெஞ்சு ஒரு தடவை தூக்கிப்போட்டது. உயிர் இருந்தது.

அப்போதுதான் ஸ்டீவனின் கார் வந்து நின்றது. அவர் இறங்கி, "என்ன ஆச்சு?" என்று கேட்டார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு பலகையைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

அடுத்த எட்டு நாள் நான் தூங்கவில்லை. விசாரணை வரும் என்றார்கள். பொய்யாக ஆபத்துச் சொன்னால் இங்கே ஜெயில் என்றான் ஒருவன். இல்லை, கசையடி என்றான் இன்னொருவன், அவனுக்கு எல்லாம் தெரியும். கேம்ப் வாசலில் வண்டி நின்றால் எனக்கு மூத்திரம் முட்டும். மனைவி நாகவள்ளி ஊரிலிருந்து பேசும்போது, "என்னங்க, கொரலே சரியில்ல, காச்சலா?" என்பாள். "ஏசி ஒத்துக்கல" என்பேன். கலீலுர் ரஹ்மான் வரவே இல்லை. வேறு ஒருவர் தண்ணீர் கொண்டு வந்தார், ரெஜிஸ்டரில் எழுதிவிட்டு உள்ளே போனார்.

எட்டாம் நாள் ஸ்டீவன் என் கேபினுக்குள் வந்தார். அந்தக் கேபினுக்குள் ஒரு வெள்ளை ஹெல்மெட் அதுவரை வந்ததில்லை. இருந்த ஒரே நாற்காலியை விட்டு எழுந்தேன். அவர் உட்காரவில்லை.

"நாளைக்கு விசாரணை. என் அட்டையை நானே தவறுதலாகப் பச்சையில் மாட்டிவிட்டேன் என்று சொல்லப் போகிறேன்" என்றார்.

"சார்?"

"எனக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் கக்கூஸ் கதையைப்போல இதையும் சொல்லிச் சிரிப்பார்கள். உனக்கு ஆகும்." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என் பெயரைச் சொன்னதும் ஓடினார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் இங்கே நாலு வருடமாக இருக்கிறேன், அன்பு. என் அட்டை எதற்கு என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை."

அவர் போனதும் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். சந்தோஷ அழுகைதான். தப்பித்தாயிற்று. யாரோ ஒரு புண்ணியவான் என் தலையில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் சோலைமுத்து ஆஸ்பத்திரியிலிருந்து ரூமுக்கு வந்தான். இடது கையில் இரண்டு விரல் நுனி கறுத்துச் செத்திருந்தது. குரல் தகரத்தைச் சுரண்டுவதுபோல வந்தது. கட்டிலில் உட்கார்ந்து கஞ்சியைக் கலக்கிக்கொண்டே சொன்னான்.

"அண்ணே, ஆபீஸ்ல சொன்னாங்க. கணக்கெல்லாம் சரியாத்தான் இருந்துச்சாம். ஸ்டீவன் சார் அட்டைய மாத்தி மாட்டிட்டாராம், அதுல நான் தற்செயலாக் கெடச்சேனாம். என் நேரம் பாருங்க."

"யாரு சொன்னா?"

"அப்பிடித்தான் ரிப்போர்ட்டு எழுதப் போறாங்களாம். சனிக்கிழமைலேருந்து நாலாம் நம்பருக்கே வரச் சொல்லிட்டாக." கரண்டியைக் கீழே வைத்தான். "எனக்கு அந்தக் கதவ நெனச்சாலே ஒதறுதுண்ணே. தட்டுனேன், தட்டிக்கிட்டே இருந்தேன். திரும்ப அப்பிடி ஆச்சுன்னா, ஸ்டீவன் சாரு மறுக்காவும் அட்டைய மாத்தி மாட்டுவாரா?"

கணக்கு சரியாக இருந்தது. தற்செயலாகக் கிடைத்தான். சனிக்கிழமை மறுபடி நான் மார்க்கரை எடுத்து நாற்பத்தாறு என்று எழுத வேண்டும்.

விசாரணை ஆபீஸ் மாடியில் நடந்தது. நீளமான மேஜை, குளிர்ந்த தண்ணீர் பாட்டில்கள். கிரகாம், தலைமை ஆபீசிலிருந்து வந்த ஒரு பெரியவர், ஸ்டீவன். நான் கடைசியில் நின்றேன். கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ஸ்டீவன் சொன்னபடியே சொன்னார். பெரியவர் புன்னகைத்தார். கிரகாம், "ஸ்டீவ் மாதிரி ஞாபகமறதிக்காரன் இருப்பது சில சமயம் நல்லதுதான்" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். டிரைவரை உள்ளே விட்டதற்கு எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் என்று முடிவானது. கடிதம்தான். வேலை இருக்கிறது. கிரகாம் ஃபைலை மூடினார்.

வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கியிருக்கலாம். படி எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்த்துவிட்டேன்.

"அட்டையை மாற்றியது நான் சார்" என்றேன்.

ஸ்டீவன் சட்டென்று தலையைத் தூக்கி, வேண்டாம் என்பதுபோலப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவேன்.

"நீ மாற்றினாயா?" கிரகாமின் முகம் ரத்தச் சிவப்பானது. "ஏன்? எதற்காக ஸ்டீவ் பெயரைச் சொன்னாய்?"

"முதலில் சோலைமுத்து என்று சொன்னேன் சார். இரண்டு தடவை சொன்னேன்."

கிரகாம் புருவத்தைச் சுருக்கினார். நிஜமாகவே புரியாத முகத்தோடு, என்னிடம் அல்ல, பொதுவாகக் கேட்டார்.

"யார் அது, சோலைமுத்து?"

பதில் ஸ்டீவனிடமிருந்து வந்தது. குரல் தாழ்ந்து இருந்தது. "நான் என்று நினைத்து நீ மடியில் தூக்கி வைத்தாயே, அவன்தான்."

பெரியவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நான் இப்போது சொன்னது பொய்" என்றார் ஸ்டீவன். "இவன் சொல்வது உண்மை. இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு உன் இடத்தில் நான் இருந்திருந்தால், கிரகாம், நானும் நாற்பத்தாறு என்று எண்ணிவிட்டுக் கதவை மூடியிருப்பேன். அதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருந்தது. என் கையெழுத்து போட்டுத் தருகிறேன்." பெரியவர் கீழே வைத்த பேனாவை எடுத்துக்கொண்டார்.

ஒரே அறையில், ஒரே நாளில், ஒரே உண்மையைச் சொன்னோம். அவருக்கு ஒரு கடிதம், எனக்கு ஒரு டிக்கெட். பொய்யான ஆபத்து அறிவிப்பு, வெளியாளை உள்ளே விட்டது, கேன்சல், தடை. அவர் எனக்காக மூன்று தடவை மேலே போய்ப் பேசினார் என்று பொன்னுச்சாமி சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. கோபம் இல்லை என்றால் அது பொய். கொஞ்சம் உண்டு. ஆனால் நான் கிளம்புவதற்குள் பலகையைப் பெரிதாக்கி, நாற்பத்தாறு பேருக்கும் புதுக் கொக்கிகளைத் தன் கையாலேயே அடித்தார். அட்டைக்குப் போட்டோ எடுக்கும்போது சோலைமுத்து சிரிக்கவில்லை. சிரிடா என்றால், "பயமாருக்குண்ணே" என்றான். சனிக்கிழமை அவன் தன் அட்டையைப் பச்சையில் மாட்டிவிட்டு, இரண்டு தடவை திரும்பி வந்து அது சரியாகத் தொங்குகிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே போனான்.

விமான நிலையத்துக்கு எங்களை ஒரே வேனில் ஏற்றினார்கள். நாலைந்து கம்பெனிகளில் கேன்சல் ஆனவர்கள், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள். பாஸ்போர்ட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கையில் வைத்திருந்த ஆள் கதவருகே நின்று எங்கள் தலைகளை விரலால் குத்திக் குத்தி எண்ணினான். "ஏழு. கலாஸ், யல்லா", முடிந்தது, கிளம்பு என்று கதவை இழுத்தான்.

ஏழு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு அது போதவில்லை. கதவு மூடுவதற்குள் கையை இடையில் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, திரும்பி, ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டேன்.